ஜாமூனும் காக்கிச் சட்டையும்

சிறை வாசலில் என் பையைத் திறந்த காவலர், அதிலிருந்த காக்கிச் சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "ஏனு சார் இது?" என்று கன்னடத்தில் கேட்டார். "நாய்க்காக" என்று சொன்னால் போதும். நானோ யாரும் சொல்லாமலேயே இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டேன். ஐம்பதை நெருங்குகிறவன், வைட்ஃபீல்ட் ஆபீசில் நாலு பேரை மிரட்டிச் சம்பளம் வாங்குகிறவன், "சத்தியமா ஓடிப்போக மாட்டேன் சார்" என்று உளறினேன். ஓடிப்போவது உள்ளே இருப்பவர்களின் கவலை என்பதுகூட அப்போது தோன்றவில்லை. மேலதிகாரியிடம் முன்பே அனுமதி வாங்கியிருந்ததால் சட்டையும் நானும் உள்ளே போனோம்.

உள்ளே சில கைதிகள் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்குக் கீழே விழுந்த சாவியை எடுத்துத் தர, கதவைக் கயிற்றால் இழுத்துத் திறக்க. சிறைக்குள் இல்லாத ட்ராஃபிக், லிஃப்ட், மெட்ரோ எல்லாவற்றையும் சனி ஞாயிறில் வெளியே கூட்டிப்போய்க் காட்டுவது என்னைப் போன்ற தொண்டர்களின் வேலை. எனக்கு வாய்த்தவள் ஜாமூன். பெயருக்கேற்ற நிறத்தில் ஒரு லேப்ரடார். அவளை வளர்த்தவரை அங்கே எல்லோரும் மாமா என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை. என்ன செய்துவிட்டு வந்தார் என்று கேட்கக் கூடாது என்பது விதி. அதனால் அவரைப் பிடிக்கலாமா கூடாதா என்று எனக்குப் புரியவே இல்லை. அதற்குள் பிடித்துத் தொலைத்துவிட்டது.

ஜாமூன் எல்லாம் கற்றுக்கொண்டாள். ஒரே ஒரு கோளாறு: காக்கியைக் கண்டால் உட்கார்ந்துவிடுவாள். பெங்களூரில் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் எல்லாம் காக்கி. பிரேசர் டவுன் ஆட்டோ ஸ்டாண்ட் எதிரே அவள் நடுரோட்டில் உட்கார, பின்னால் பஸ் ஹார்ன் அடிக்க, நான் நாயிடம் இங்கிலீஷில் கெஞ்சி, பஸ்ஸிடம் கன்னடத்தில் கும்பிட்டேன். "இன்னா சார், பொண்டாட்டிகூட எனக்கு இவ்ளோ மரியாதை குடுத்ததில்ல!" என்றார் ஓர் ஆட்டோக்காரர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த மாதம் அவளுக்குத் தேர்வு. தொம்மலூரில் ஒரு ஸ்கூல் டீச்சர் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ரோட்டில் உட்காரும் நாயை நம்பிச் சக்கர நாற்காலியை அனுப்ப முடியுமா?

மாமாவிடம் சொன்னேன். "நான் அத சொல்லியே தரலியே சார்" என்று குழம்பினார். அந்த நேரம் பார்த்து ஒரு வார்டர் அந்தப் பக்கம் வந்தார். தலை எண்ணும்போது எல்லோரும் குந்த வேண்டும் என்பது அங்கே வழக்கம். மாமாவுக்கு எண்ணாத நேரத்திலும் காக்கி தெரிந்தால் முட்டி மடங்கிவிடும். மடங்கியது. பக்கத்தில் ஜாமூனும் உட்கார்ந்தாள். மாமா அவளைப் பார்த்தார், பிறகு தன் முட்டியைப் பார்த்தார்.

அதற்காகத்தான் அந்தச் சட்டை. நான் அதை மாட்டிக்கொண்டு எதிரே வர, மாமா நாயோடு என்னைத் தாண்டி நடக்க வேண்டும். தொப்பை பட்டனைத் தள்ள, கோமாளி மாதிரி நடந்து வந்தேன். மாமா குந்திவிட்டார்.

"எழுந்திருங்க மாமா, நான்தான்!"

"தெரியுது சார். முட்டிக்குத் தெரியலியே."

வார்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் பட்டனைச் சரிசெய்தேன். வாரா வாரம் வந்து அதே சட்டையில் எதிரே நடந்தேன். ஒருநாள் மாமா, பல்லைக் கடித்துக்கொண்டு, நிற்காமல் என்னைத் தாண்டிப் போனார். ஜாமூனும் போனாள். தேர்விலும் தேறினாள்.

மாமா விடுதலையாகி இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். ஊரில் எத்தனையோ ஸ்டாண்ட் இருக்க, தொம்மலூரில் டீச்சர் தெருமுனை ஸ்டாண்டைத்தான் பிடித்திருக்கிறார். போன வாரம் அங்கே அவரோடு டீ குடித்துக்கொண்டிருந்தபோது டீச்சரின் நாற்காலி வந்தது, பக்கத்தில் ஜாமூன். வேலையில் இருக்கும் நாயைக் கூப்பிடக் கூடாது. மாமா கூப்பிடவில்லை. காக்கிச் சட்டையோடு எழுந்து நின்றார், அவ்வளவுதான். அவள் மூக்கு ஒருமுறை இந்தப் பக்கம் திரும்பியது, வால் ஆடியது. கால் நிற்கவில்லை. தாண்டிப் போய்விட்டாள்.

"பாத்தீங்களா சார், நிக்கல!" என்றார்.

நான் கை தட்டுவதா, தோளைத் தொடுவதா என்று முழித்தேன். அதற்குள் யாரோ வந்து வைட்ஃபீல்ட் போகணும் என்று கேட்க, அவள் போன திசையைப் பார்த்தபடியே வரமாட்டேன் என்று தலையாட்டினார். பெங்களூரில் ஆட்டோக்காரர் வரமாட்டேன் என்றால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.