விளக்கு வைக்கும் நேரத்தில் பூட்டுப்படும் கணக்கு

விளக்கு வைக்கிற நேரமானால் கணக்குப் பூட்டுப்பட்டுவிடும். நான் கீறிக்கொண்டிருக்கும் வீட்டுப் படம் திரையிலிருந்து மறைந்து, கடவுச்சொல் பலமுறை பிழைத்துவிட்டது, நாளைக்கு முயலுங்கள் என்று ஒரு வெள்ளைப் பெட்டி வந்து நிற்கும். நான் எதையும் பிழையாகத் தட்டவில்லை. காலையில் ஒருமுறை தட்டி உள்ளே வந்ததோடு சரி. அந்தப் பெட்டியைப் பார்த்து நான் பேசியவற்றை இங்கே எழுத முடியாது.

உண்மையில் அது என் கணவரின் கணக்கு. சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டு முன்னறைதான் அவருடைய கந்தோர். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் கட்டப்போகும் வீடுகளுக்கு இவர் படம் கீறுவார். அளவுகளைச் சரிபார்ப்பதும் ஆட்களோடு கதைப்பதும் என் பங்கு; பக்கத்தில் இருந்து கீறவும் பழகியிருந்தேன். ஒருநாள் மோட்டார் சைக்கிளில் அளவு எடுக்கப் போனவர் திரும்பி வரவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகு, அரைகுறையாய்க் கிடந்த படங்களை நானே முடிப்பது என்று தீர்மானித்தேன். வேறு வருமானம் இல்லை. வீட்டில் நானும் மாமாவும்தான், இவருடைய அப்பா.

படங்கள் எல்லாம் அந்தக் கணக்குக்குள்ளே இருந்தன. இவருடைய கடவுச்சொல் எனக்குத் தெரியாது. கேட்கவேண்டிய தேவை ஒருநாளும் வரவில்லை. நல்லவேளையாக என் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து வைத்திருந்தார். அதற்கு வந்த குறியீட்டைப் போட்டு, புதிய கடவுச்சொல் வைத்து உள்ளே போனேன். அன்று பின்னேரமே இந்தத் தொல்லை தொடங்கியது.

காங்கேசன்துறையில் ராணுவத்திடமிருந்து திரும்பக் கிடைத்த காணியில் வீடு கட்ட ஒரு அம்மா கனடாவிலிருந்து படம் கேட்டிருந்தார். எங்களுக்குப் பொழுதுபடும்போதுதான் அவருக்கு விடியும். படத்தைக் காட்டி அவர் சொல்லும் திருத்தங்களைச் செய்யவேண்டிய அந்த நேரம் பார்த்துக் கணக்குப் பூட்டுப்படும். இரண்டு கிழமை சாட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

"தங்கச்சி, உங்களாலை ஏலாட்டிச் சொல்லுங்கோ. நான் வேறை ஆளைப் பாக்கிறன்" என்றார் அந்த அம்மா.

கணினி திருத்துகிறவரைக் கூப்பிட்டேன். வைரஸ் இல்லை என்றார். கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்து கனநேரம் பார்த்தார்.

"ஆரோ பழைய பாஸ்வேர்டைப் போட்டு உள்ளுக்கு வரப் பாக்கினம் அக்கா. திரும்பத் திரும்பப் பிழைக்க, அது தானாப் பூட்டிக்கொள்ளுது."

"ஆர்? எங்கையிருந்து?"

"உங்கடை வீட்டு இன்ரநெற்றாலைதான் வருது."

அவர் போன பிறகும் அந்தக் கதிரையிலேயே இருந்தேன். பழைய கடவுச்சொல் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவரைக் கோம்பயன்மணல் சுடலையில் எரித்தாயிற்று. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்தக் கிழமை முழுவதும் பின்னேரம் ஆனால் திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். சுவாமி அறையில் மாமா தீப்பெட்டி உரசும் சத்தம் கேட்கும். சற்று நேரத்தில் வெள்ளைப் பெட்டி வந்துவிடும். தன் கணக்குக்குள் வரமுடியாமல் இவர்தான் வெளியே நின்று தட்டுகிறார், நான்தான் பூட்டை மாற்றிவிட்டு உள்ளே இருக்கிறேன் என்று தோன்றும். பயமாக இருந்தது. அந்தப் பெட்டி வராத பின்னேரத்தை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது.

ஆனால் பயம் சோறு போடாது. கணினிக்காரர் சொன்னபடி வைஃபையின் கடவுச்சொல்லையும் மாற்றினேன். அன்று விளக்கு வைத்தாயிற்று, இருட்டியும் விட்டது, கணக்குத் திறந்தே இருந்தது. காங்கேசன்துறை வீட்டை முடித்து அனுப்பினேன். அந்த அம்மா உடனேயே நல்ல வடிவு என்று பதில் போட்டார். அதை வாசித்துவிட்டு ஏனோ அழுதேன்.

காலையில் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தபோது மாமா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பிள்ளை, இன்ரநெற் வேலை செய்யேல்லையோ?"

மாமாவுக்கும் இன்ரநெற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவருடைய சின்னப் போனில் கதைக்க மட்டும்தான் முடியும். ஏன் கேட்கிறீர்கள் என்றேன். அவர் எழும்பிப் போய், அலுமாரியில் மடித்து வைத்திருந்த வேட்டிக்குள்ளிருந்து ஒரு தொலைபேசியை எடுத்து வந்தார். இவருடையது. விபத்து நடந்த இடத்தில் தொலைந்துவிட்டது என்று நான் நினைத்திருந்தது.

"ஆசுப்பத்திரியிலை மணிக்கூட்டோடை சேத்துத் தந்தவை. மணிக்கூட்டை உம்மட்டைத் தந்திட்டன். இதைத் தர மனம் வரேல்லை."

"இதை வைச்சு என்ன மாமா செய்யிறனீங்கள்?"

"ஒண்டும் செய்யிறேல்லை. விளக்கு வைச்சிட்டு, போட்டுப் பாப்பன். மேலை விசிறி மாதிரி ஒரு அடையாளம் வரும். முந்தி அவன் வாசலிலை சைக்கிளை நிப்பாட்டேக்கையே அது வந்திடும், ஒருக்காக் காட்டினவன். அது வந்தா அவன் வீட்டை வந்திட்டான் எண்டு ஒரு நினைப்பு. கொஞ்ச நேரம் பாத்திட்டு நிப்பாட்டிப்போடுவன்." பிறகு குரல் இறங்கிப்போனது. "நேற்று வரேல்லைப் பிள்ளை."

இவர் போனுக்குப் பூட்டே போடுவதில்லை. புதிய வைஃபை கடவுச்சொல்லைத் தட்டிக் கொடுத்தேன். விசிறி வந்தது. மாமா மூச்சு விட்டார். உடனே கணக்கும் தன் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு எழும்பியது. பின்னேரங்களில் பழையதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது இந்தப் போன்தான். கணக்கைப் போனிலிருந்து அழித்துவிட்டால் இனித் தொல்லையே இல்லை. அப்படிச் செய்வதுதான் புத்தி. அழிக்கவா என்று போன் கேட்டது. என் விரல் அதற்குப் போகவில்லை. புதிய கடவுச்சொல்லைத் தட்டி உள்ளே விட்டேன்.

இப்போது கணக்குப் பூட்டுப்படுவதில்லை. யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பின்னேரத்தில் வேலை செய்கிறேன். முதல் வரியில் என் கணினி. சுவாமி அறையில் தீப்பெட்டிச் சத்தம் கேட்ட பிறகு, அதன் கீழே இவருடைய தொலைபேசி வந்து சேரும்: இப்போது இணைப்பில் உள்ளது. அந்த வரி வரச் சற்றுப் பிந்தினாலும், கீறுவதை விட்டுவிட்டு எழும்பிப் போய் மாமாவை எட்டிப் பார்க்கிறேன்.