மூச்சுக்குக் குறி போடும் வேலை

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பயத்தை யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது, நேரில் சொல்ல வரவில்லை.

ஸ்ரீரங்கத்தில் வீட்டிலிருந்தபடியே ஒரு வேலை செய்கிறேன். தென்னூரில் உள்ள சின்ன ஆபீஸ் ஒன்று கம்ப்யூட்டரில் பாட்டுகள் அனுப்பும். எல்லாம் பழைய ஆங்கில ராக் பாட்டுகள். கிட்டார், டிரம்ஸ் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பாடியவரின் குரலை மட்டும் தனியாகப் பிரித்திருப்பார்கள். திரையில் அந்தக் குரல் மேடும் பள்ளமுமாக ஓடும். பாடகர் எங்கெங்கே மூச்சு இழுக்கிறாரோ அங்கெல்லாம் நான் குறி போட வேண்டும். பாட்டின் அர்த்தம் தெரிய வேண்டியதில்லை. எனக்குத் தெரியவும் தெரியாது.

முதல் வாரம் பயந்தே போனேன். வாத்தியம் இல்லாமல் ஒருவர் கத்துவதைக் கேட்டால், பக்கத்து அறையில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது போல இருக்கும். கத்தி முடித்ததும் அவருக்கு இரைக்கும். எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கும். பழகப் பழக ஒன்று பிடிபட்டது. பெரிய கூச்சலுக்கு முன்னால் சத்தமே இல்லாமல் திரையில் கோடு நேராகப் போகும். எவ்வளவு நீளமாகப் போனாலும் நான் அலட்டிக்கொள்ள மாட்டேன். மூச்சு வரும்.

என் வீட்டுக்காரருக்குப் பாத்திரக் கடையில் வேலை. மத்தியானம் சாப்பிட வந்து, என் மேஜைக்குப் பக்கத்தில் பாய் போட்டுக் கொஞ்சம் தூங்குவார். குறட்டை பலமாக இருக்கும். போன மாதம் ஒருநாள் நான் ஹெட்போனைக் கழற்றியபோது அந்தக் குறட்டை சட்டென்று நின்றது. வேலைப் பழக்கத்தில், குறி போடப்போவது போல விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மூச்சு வரவில்லை. இன்னும் வரவில்லை. அப்போதுதான் உறைத்தது. அந்தப் பாட்டுகள் எப்போதோ பாடி முடித்தவை, அவற்றில் அடுத்த மூச்சு கட்டாயம் இருக்கும். இவருடையது இன்னும் நடந்துகொண்டிருப்பது. அடுத்தது உண்டு என்று யாரும் எனக்கு உறுதி சொல்லவில்லை.

தோளைப் பிடித்து உலுக்கினேன். தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியவர் மாதிரி மூச்சை இழுத்தார்.

"என்னாடி, வீடு பத்திக்கிச்சா?"

"மூச்சு நின்னு போச்சுங்க."

"யாருக்கு? உன் வெள்ளைக்காரனுக்கா?"

"விளையாடாதீங்க. உங்களுக்குத்தான்."

"குறட்டை விட்டா காது போகுதுங்கிற. விடலைன்னா மூச்சு போச்சுங்கிற. நான் என்னதான் பண்றது?"

திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் மத்தியானங்களில் எனக்கு வேலையே ஓடவில்லை. ஒரு காதில் மட்டும் ஹெட்போனை வைத்துக்கொண்டு, மறு காதை இவர் பக்கம் திறந்து வைத்திருந்தேன். டாக்டரிடம் போகலாம் என்றால், "தூங்குறவனைத் தூக்கிட்டுப் போய் என்னன்னு சொல்லுவ?" என்பார்.

கடைசியில் போனைத் தலைமாட்டில் வைத்து இவர் தூங்குவதைப் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் ஏற்றினேன். இவர் எழுந்து காபி குடித்த பிறகு ஹெட்போனைத் தலையில் மாட்டிவிட்டேன்.

"என்னையும் பாடகன் ஆக்கிட்டியா?" என்று சிரித்தார். குறட்டை நின்ற இடத்தில் சிரிப்பும் நின்றது. திரையில் கோடு நேராக ஓடிக்கொண்டே இருந்தது.

"இது நானா?"

"நீங்கதான்."

"இன்னும் வரலையே."

"வரும். கேளுங்க."

வந்தது. ஹெட்போனைக் கழற்றி மேஜையில் மெதுவாக வைத்தார். கைலி நுனியை முறுக்கினார்.

"நாளைக்குப் போவோம். நீயும் வா. எனக்குச் சொல்லத் தெரியாது."

மறுநாள் பஸ் பிடித்துப் புத்தூரில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். நான்தான் பேசினேன். தூக்கத்தில் வைத்துப் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது, வியாழக்கிழமை வந்து படுங்கள் என்றார். இவர் அங்கிருந்தே கடைக்குப் போன் செய்து லீவு சொன்னார்.