மேக்கிற்குள் குடிவைத்த விண்டோஸ்

பட்டம் பெற்ற கையோடு, செங்கம் சாலையில் இருந்த ஒரு சிறிய தொண்டு அலுவலகத்தில் சேர்ந்தேன். இரண்டாயிரத்தைத் தாண்டிய முதல் சில ஆண்டுகள் அவை. அருகில் அறை எடுத்துத் தங்கியிருந்த வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர், ஊர் திரும்பும்போது தம் மேக் கணினியை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

எங்கள் தட்டச்சர் கீழ்பென்னாத்தூர்க்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்; அக்கா என்றே அழைப்பேன். தமிழ்த் தட்டச்சில் அவர் விரல்கள் பழகிய விசை வரிசையைத் தந்த மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடியது. பழைய கணினியோ பழுதாகிவிட்டது. மேக்கில் அவரால் முடியாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று செயலாளர் எங்கள் இருவரிடமும் சொல்லிவிட்டார்.

ஆகவே மேக்கிற்குள்ளேயே விண்டோஸை ஓடவைக்கும் மென்பொருளை நிறுவினேன். திரையின் ஒரு சட்டத்துக்குள் இன்னொரு கணினி மெல்ல விழித்தது.

"இன்னா தம்பி, வீட்டுக்காரங்க ஒரு ரூம்ல ஆள குடி வெச்சா மாதிரி இருக்குது" என்று அக்கா சிரித்தார்.

விசையை அழுத்தினால் எழுத்து தாமதமாகவே வந்தது. அதற்கும் பழகிக்கொண்டு, அடி அண்ணாமலைக் கிராமத்து மூதாட்டிகளின் உதவித்தொகை மனுக்களை ஒவ்வொன்றாக அடித்து முடித்தார்.

பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தால் பேருந்துகள் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். அன்று அவருக்கு விடுப்பு. அவர் வருவதற்குள் கணினியை வேகப்படுத்திவிட நினைத்தேன். பெரிய கோப்பு ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. விண்டோஸை நிறுவ நான் முன்பு எடுத்துவைத்த குறுந்தகட்டின் நகல் என்று எண்ணி அதை அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். அவருடைய விண்டோஸ் முழுவதும் அந்த ஒரே கோப்புதான் என்பது பிறகே புரிந்தது. இன்னும் அச்செடுக்காத மனுக்கள் அனைத்தும் அதற்குள் இருந்தன.

மறுநாள் அக்கா திரையில் தம் விண்டோஸைக் காணாமல் தேடிக்கொண்டிருந்தார். செயலாளர் பின்னால் வந்து நின்றார்.

"நான் ஏதாச்சும் தப்பா அழுத்திட்டனா தம்பி?"

நான் பேசாமல் இருந்தாலே போதும், பழி அவர்மேல் விழுந்துவிடும்.

"இல்லக்கா. நான்தான் அழிச்சிட்டேன். நேத்து."

எல்லாவற்றையும் மறுபடி அடிக்க எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் செயலாளர் கேட்டார். மூன்று நாள் என்றார் அக்கா.

விண்டோஸை மறுபடி நிறுவினேன். மூதாட்டிகள் சொல்ல எழுதிவைத்த குறிப்புத்தாள்களை நான் வாசிக்க, அவர் அடித்தார். முதல் நாள் என்மீது கோபமாகத்தான் இருந்தார். இரண்டாம் நாள் மதியம், தம் டப்பாவிலிருந்து பாதிப் புளிச்சோற்றை என் பக்கம் தள்ளினார்.

"துன்னு. தொண்டை கட்டிக்கிச்சினா யாரு படிக்கிறது?"

மூன்றாம் நாள் மனுக்களில் கையெழுத்திட்ட செயலாளர், தட்டச்சுக்குப் புதிதாக வந்திருந்த கடிதக் கட்டை அக்காவின் மேசைமீது வைத்துவிட்டுப் போனார். வேறு ஆளைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை.