சித்தப்பா மூச்சுப் பிடித்த ஞாயிறு

என் சித்தப்பாவுக்கு வலிக்காது என்பதை எங்கள் குடும்பத்தில் முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. வேடசந்தூருக்குத் தெற்கே, மில் பஸ் வந்து திரும்புகிற ஊர் எங்களுடையது. அப்பாவின் ஒரே தம்பியான சித்தப்பா நூல் மில்லில் வேலை பார்த்தார். ஓய்வு நேரத்தில் கபடி ஆடினார். ஊர்க்காரர்களைக் கேட்டால் மாற்றிச் சொல்வார்கள், கபடி ஆடாத நேரத்தில் மில்லுக்கும் போய்வருவார் என்று.

ஒருநாள் முருங்கைத் தோட்டத்திலிருந்து அவர் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தேன். முன்னால் போன அவருடைய வலது காலடி மட்டும் மண்ணில் சிவப்பாக விழுந்துகொண்டே போனது. சொன்னேன். நின்று, காலைத் தூக்கிப் பார்த்தார். சீமைக்கருவேல முள் ஒன்று செருப்பைத் துளைத்து உள்ளே ஏறியிருந்தது. வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்துவிட்டு இழுத்து எறிந்தார். என் சுண்டுவிரல் நீளம் இருந்தது அந்த முள்.

"வலிக்கலையா சித்தப்பா?"

"வலியா? அது நம்ம வீட்டுப் பக்கமே வாரதில்ல பாப்பா," என்று மூக்கைச் சொறிந்துகொண்டே சொன்னார். அந்த நாட்களில் எப்போதும் மூக்கைச் சொறிந்துகொண்டிருப்பார்.

முந்தைய வருஷம் செம்பட்டியில் ஓர் ஆட்டத்தில் அவருடைய தோள்பட்டை இறங்கிப்போயிருந்தது. மாதக்கணக்கில் உட்கார்ந்தபடியே தூங்கினார். சட்டை மாட்டச் சித்தி உதவ வேண்டியிருந்தது. பிறகு திடீரென்று எல்லாம் சரியாகிவிட்டது. மறுபடி களத்தில் இறங்கினார். மில்லில் இரண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல் பார்த்தார். தோளில் போட்ட எண்ணெய்க்கட்டு வேலை செய்கிறது என்றார் அப்பா. எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் வேதசாட்சிகளைப் பற்றிச் சொல்லியிருந்தார், நெருப்பில் கிடத்தியபோதும் முனகாதவர்கள் என்று. அப்படி ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார் என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்த பிறகு அடையாளங்கள் தாமாகவே கிடைத்தன. வீட்டுக்குள் மங்கலான வெளிச்சத்தில்கூட அவருடைய கண்மணி கடுகளவுதான் இருக்கும். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவார். சோற்றில் கையை வைத்தபடி அப்படியே கண் மூடிவிடுவார். சித்தி கறிக்குழம்பு வைத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. அவர் தியானம் செய்கிறார் என்றும் ஒருசந்தி நோன்பு இருக்கிறார் என்றும் வகுப்பில் சொல்லி வைத்தேன். இரண்டு பிள்ளைகள் அவரைப் பார்க்க வீட்டுக்கே வந்தார்கள். எங்கள் வாசலில் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தவரைக் கொஞ்ச நேரம் மரியாதையோடு பார்த்துவிட்டுப் போனார்கள்.

அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. மூச்சு. மோட்டார் ரூமை ஒட்டிய தண்ணீர்த் தொட்டியில் முங்கி மூச்சுப் பிடித்துப் பழகுவார். எண்ணுகிற வேலை எனக்கு. தலை உள்ளே போனதும் ஒன்று என்று ஆரம்பிக்க வேண்டும், வெளியே வந்ததும் நிறுத்த வேண்டும். ஒருமுறை தொண்ணூற்றிரண்டு வரை போனேன். தலையை உதறிக்கொண்டு எழுந்து, "எம்புட்டு?" என்று கேட்டார். சொன்னதும் அவர் முகத்தில் வந்த சிரிப்புக்காக நான் ஆயிரம் வரை எண்ணக் காத்திருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொன்னுக்கு வீங்கி. இரண்டு கன்னமும் பன்னாய் உப்பியிருந்தன. அம்மா தன்னுடைய தங்கச் சங்கிலியை என் கழுத்தில் போட்டு, தாடையைச் சுற்றித் துண்டைக் கட்டி, கோயிலுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்பாவும் அம்மாவும் சித்தியும் பூசைக்குக் கிளம்பினார்கள். "குளிச்சிட்டுப் பின்னாடியே வாரேன், போங்க," என்றார் சித்தப்பா.

கோயில் மணி அடித்து ஓய்ந்தது. அவர் அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. குறட்டை மாதிரி இருந்தது, ஆனால் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற குறட்டை. எட்டிப் பார்த்தேன். பாயில் மல்லாந்து கிடந்தார். ஒரு சட்டைக் கை மேலே சுருட்டப்பட்டிருந்தது. முழங்கையின் உள்மடிப்பில் கறுத்த புள்ளிகளும் சிவந்த வீக்கமும் இருந்தன. கொசு இப்படிக் கடித்தும் சொறியாமல் இருக்கிறாரே என்று வியந்தேன். கிள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. இன்னும் அழுத்திக் கிள்ளினேன். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

குறட்டை நின்றது. நெஞ்சு எழும்பவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, மூச்சுப் பிடித்துப் பழகுகிறார். தொட்டி இல்லாமலே. சம்மணம் போட்டு உட்கார்ந்து எண்ணத் தொடங்கினேன். பதினான்கில் ஒரு மூச்சு இழுத்தார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அடுத்தது பத்தொன்பதில் வந்தது. அடுத்தது இருபத்தாறில். ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே போனது. உதடு நாவல்பழம் தின்றது போல நீலமாகியிருந்தது. இந்த அளவுக்கு ஒரு மனிதனால் முடியும் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. துண்டு கட்டிய வாயோடு, சத்தம் வராமல், அவர் பழகுவதைக் கெடுத்துவிடாமல் எண்ணிக்கொண்டிருந்தேன்.

முப்பத்தொன்று சொல்லும்போது சித்தி வாசலில் நின்றார். பிரசங்கத்தின் பாதியில், மனசு கேட்காமல் எழுந்து வந்திருக்கிறார். நான் விரலை உதட்டில் வைத்து, "சத்தம் போடாதீங்க சித்தி, முப்பத்தொண்ணு ஆச்சு," என்றேன்.

சித்திக்கு ஒட்டன்சத்திரம் பக்கம். சித்தப்பாவை ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. அன்றும் அப்படித்தான். "ஏனுங்க, கண்ணத் தொறங்க. ஏனுங்க, இங்க பாருங்க." தோளைப் பிடித்து உலுக்கினார். கை முட்டியால் நெஞ்செலும்பில் அழுத்தித் தேய்த்தார். பிறகு செல்போனில் ஆம்புலன்சைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டுத் தரையில் வைத்தார். ஒரு பெண்குரல் நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தது. தலையைப் பின்னால் சாய்க்க வேண்டும், மூக்கை மூட வேண்டும், வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், ஐந்து நொடிக்கு ஒரு தடவை.

எங்கள் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளைகள் முன்னால் ஒரே கட்டிலில் உட்கார்ந்ததுகூட இல்லை. சித்தி குனிந்து வாயோடு வாய் வைத்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"திரும்பாத கண்ணு," என்றார் சித்தி. குரல் உயரவில்லை. "எண்ணு. அஞ்சு வந்ததும் சொல்லு."

எண்ணினேன். ஐந்து. சித்தி ஊதினார், நெஞ்சு எழும்பியது. ஐந்து. மறுபடி எழும்பியது. வெளியே எங்கோ தக்காளி லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. எத்தனை ஐந்துகள் என்று எனக்குத் தெரியாது. சித்தியின் தலையிலிருந்த முல்லைச்சரம் அவிழ்ந்து சித்தப்பாவின் கழுத்தில் விழுந்து கிடந்தது. வியர்வை சொட்டச் சொட்ட ஊதிக்கொண்டே இருந்தார். ஒரு மனுஷி இன்னொரு மனுஷனுக்குள் காற்றை அனுப்பி எழுப்ப முடியும் என்பதை அன்றுதான் பார்த்தேன். அதுவரை அது ஆண்டவரால் மட்டும் ஆகிற காரியம் என்று நினைத்திருந்தேன்.

ஆம்புலன்ஸ் வந்து திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோனது. மாற்று மருந்து போட்டதும் கண் திறந்தாராம். மில்லில் கூட வேலை பார்த்த ஒருவர், தோள்வலிக்கென்று, டாக்டர் சீட்டில்லாமல் திருட்டுத்தனமாக விற்கிற மாத்திரையைக் கொடுத்துப் பழக்கியிருந்தார். மாத்திரை பற்றாமல் போய் ஊசிக்கு மாறியிருந்தார் சித்தப்பா. டாக்டர் அப்பாவிடம் சொன்னதை அப்பா பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார்: "அந்த மருந்து வலிய மட்டும் மறக்கடிக்காது. மூச்சு விடணுங்கறதயும் ஒடம்பு மறந்துரும்."

அதோடு முடியவில்லை. நான்கு நாள் கழித்துக் குளிர்காய்ச்சல் கண்டது. ஊசி வழியாகப் போன கிருமி இருதய வால்வில் குடியேறியிருந்தது. ஈரலிலும் கோளாறு இருந்தது, பல பேர் கைமாறிய ஊசியால் வந்தது. மதுரையில் நெஞ்சைத் திறந்து வால்வை மாற்றினார்கள். பழகிப்போன அந்த மருந்தை விட்டதில் உடம்பு முறுக்கி, போர்வை பட்டாலே அலறினார் என்று சித்தி சொல்வார். இன்றும் சித்தப்பா இருக்கிறார். ஆனால் எங்கள் மாடிப்படியில் நாலு படிக்கு ஒருமுறை நின்றுதான் ஏறுகிறார். கபடி என்கிற சொல்லை ஒரே மூச்சில் பத்துத் தடவை சொல்ல அவரால் முடியாது.

இதெல்லாம் நான் வளர்ந்து, கேட்டுக் கேட்டுச் சேர்த்துக்கொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். கன்னவீக்கம் வடிந்த பிறகு அம்மா என்னைத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். சித்தப்பா படுக்கையில் இளைத்துக் கிடந்தார். சித்தி அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சித்தப்பா கையை நீட்டினார்.

"நீ பக்கத்துலதே இருந்தியாமே பாப்பா?"

"ஆமா சித்தப்பா. எண்ணுனேன். முப்பத்தொண்ணு. அதுக்குள்ள சித்தி வந்துட்டாங்க."

அவர் கண் நிறைந்து வழிந்தது. காதுப்பக்கம் இறங்கித் தலையணையில் ஊறியது. துடைக்கவில்லை. தொண்ணூற்றிரண்டு எங்கே, முப்பத்தொன்று எங்கே. தோற்றுப்போன வருத்தம்தான் என்று எனக்குத் தெளிவாகப் பட்டது. நான் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்க சித்தப்பா. அடுத்த தடவ சித்தி இல்லாத நேரமாப் பாத்து நூறு வரைக்கும் எண்ணிப்புடலாம்," என்றேன்.

அம்மா என் வாயைப் பொத்தி வெளியே இழுத்துப் போனார். வராந்தாவில் என்னை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு குலுங்கினார். வார்டில் சத்தமாகப் பேசக் கூடாது என்று வாசலில் போர்டு இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அதற்காகத்தான் என்று நினைத்து, இனிமேல் மெதுவாகப் பேசுகிறேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன்.