துரும்பு கிள்ளிய ஞாயிறு

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. வேதியியல் படித்துவிட்டு, கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்கும் கம்பெனியின் லேபில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கொதிக்கும் இரும்பிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வருவார்கள். அதில் கரி எத்தனை, மாங்கனீஸ் எத்தனை என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மிச்சத்தை வார்ப்பார்கள். என் கையெழுத்துக்காக ஓர் உலையே காத்திருக்கும். அந்தக் கர்வம் எனக்கு உண்டு.

அந்த வருஷம்தான் அக்கா தன் குழந்தையோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். மாமாவுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, அவர் வேலை பார்த்த பக்கத்திலேயே இன்னொரு குடும்பம் அமைந்துவிட்டது. அவர் அதை மறைக்கவும் இல்லை, அடிதடியும் இல்லை. "பிரிஞ்சிடலாம்" என்று ஒரே வார்த்தையில் சொன்னார். அக்காவும் சரி என்றாள். அவள் கேட்டது ஒன்றுதான்: யூ.கே.ஜி. படிக்கும் மகள் தன்னோடு இருக்க வேண்டும்.

திருவள்ளூரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் அலுவலகம் வைத்திருந்த வக்கீலம்மாவிடம் நான்தான் அக்காவைக் கூட்டிப் போனேன். அவர் வழக்குப் போடலாம் என்று சொல்லவில்லை. மாமாவும் ஒரு வக்கீல் வைக்கட்டும், நான்கு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசி முடிப்போம், எல்லாம் முடிந்த பிறகு இரண்டு பேரும் சேர்ந்து போய்க் கோர்ட்டில் கையெழுத்து மட்டும் போடுவோம் என்றார். வெளிநாட்டில் இப்படிச் செய்வதை ஒரு பயிற்சியில் கேட்டு வந்தாராம். அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. நடுவில் யாராவது சண்டை போடக் கோர்ட்டுக்குப் போனால், இரண்டு வக்கீலும் கேஸ் கட்டை மூடிவிட்டு விலகிவிடுவார்கள். புதிதாக வக்கீல் பிடித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். நால்வரும் அதில் கையெழுத்துப் போட்டார்கள். அக்காவுக்கு அதற்காகவே நான் இரண்டு வாரம் அவள் பெயரை எழுதக் கற்றுக்கொடுத்தேன். அவளுக்குப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்பதால் ஐந்தாவது நாற்காலி எனக்குக் கிடைத்தது.

முதல் இரண்டு பேச்சும் நன்றாகவே போயின. எதைக் கேட்டாலும் மாமா தலையாட்டினார். மாமாவின் வக்கீல் வயதானவர், தாளில் குறித்துக்கொண்டே, "இப்டி ஒத்துமையா கீற ஜோடிய நான் பாத்ததே இல்லம்மா. பேசாம சேந்து வாழுங்களேன்" என்றார். அக்காகூடச் சிரித்துவிட்டாள்.

சிரிக்காதவர் கீழே, மருந்துக்கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாமாவின் அண்ணன். மேசைக்கு அவரை விடக் கூடாது என்பது ஏற்பாடு. கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக அவருக்குக் குழந்தை இல்லை. நாங்கள் இறங்கி வரும்போதெல்லாம் எழுந்து நின்று ஏதாவது கேட்பார். முதல் தடவை, "பாப்பாவ எந்த ஸ்கூல்ல போட்டுக்கீறீங்க?" இரண்டாவது தடவை, "பாப்பா கால் அளவு இன்னா?"

"எதுக்கு?" என்றேன்.

"பெரிப்பன் செருப்பு வாங்கிக் குடுக்கக் கூடாதா? நீ படிச்ச பொண்ணு, எல்லாத்துக்கும் கணக்குக் கேக்குற."

அக்கா அளவைச் சொன்னாள். எனக்கு ஏனோ பிடிக்கவில்லை. ஆனால் செருப்பளவைச் சொல்லாதே என்று எந்தத் தாளில் எழுதுவது?

மூன்றாவது பேச்சுக்கு இரண்டு வாரம் இருந்தபோது நைனா எனக்குப் போன் செய்தார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நான் லேபில் இருந்தேன்.

"மாப்ள ஊர்ல கூப்புடுறாங்கோ. துரும்பு கிள்ளிட்டுப் போயிடுங்கன்றாங்கோ. நீ இன்னா சொல்ற?"

துரும்பு கிள்ளுவது எங்கள் ஜனத்தில் பழைய வழக்கம். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வைக்கோலை ஆளுக்கொரு முனை பிடித்து, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் இரண்டாக்கிவிடுவார்கள். அத்தோடு தீர்ந்தது.

"சட்டத்துல அதுக்கு ஒண்ணும் கெடையாது நைனா. பேப்பர்தான் செல்லும்."

"அப்ப வேணான்றியா?"

உலையிலிருந்து மாதிரி வந்து நின்றது. "வைக்கோல்தானே, கிள்ளிட்டு வாங்க. உங்களுக்கும் மனசு ஆறும்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அந்த ஞாயிறு புதுவாயலுக்கு உள்ளே இருக்கும் அவர்கள் ஊருக்கு நைனாவும் அக்காவும் போய்வந்தார்கள். ஒரு பஸ் பிடித்தால் நானும் போயிருக்கலாம். ஷிப்டு இருந்தது. அதைவிட, வைக்கோல் கிள்ளுகிற இடத்தில் எனக்கு என்ன வேலை என்று நினைத்தேன். ராத்திரி லேபிலிருந்து போன் போட்டபோது "ஆச்சு" என்றார் நைனா. அவர் அத்தனை சுருக்கமாகப் பேசுகிறவர் இல்லை.

பத்தாம் நாள் மதியம், இடைவேளையில் மாமாவின் அண்ணன் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். "பெரிப்பா" என்று குழந்தை ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டதாம். டீச்சர் பையோடு அனுப்பிவிட்டார். வழக்கமான வேன் சாயங்காலம் எங்கள் தெருவில் நின்று, யாரையும் இறக்காமல் போனது.

நான் பெர்மிஷன் போட்டுவிட்டு ஓடிவந்தபோது அக்கா வாசலில் நின்றுகொண்டே இருந்தாள். நைனா உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமையின் மிச்சம் வெளியே வந்தது.

வைக்கோல் இரண்டானதும் ஊர்ப் பெரியவர், "கொழந்த?" என்று கேட்பார். அதற்குப் பெண்ணைப் பெற்றவர், "அது ஒங்க ஊட்டுக் கொழந்ததான்" என்று சொல்ல வேண்டும். மரியாதைக்குச் சொல்வது. உடனே மாப்பிள்ளை பக்கத்தார், "இருந்தா இன்னா, ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்பார்கள். அத்தோடு எல்லோரும் எழுந்து காபி குடிக்கப் போவார்கள். நைனா தன் பங்கைச் சொன்னார். பதில் வரவில்லை. மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பத்து பேரு கேட்டுக்கினாங்கல்ல?" என்று மட்டும் சொல்லி எழுந்துவிட்டார்.

"ஏன் நைனா சொல்லல என்கிட்ட?"

"நீதானே வைக்கோல்தானேன்னு சொன்ன."



மறுநாள் காலையிலேயே வக்கீலம்மாவிடம் போனோம். கேஸ் போடுங்கள் என்று நான் மேசையைத் தட்டினேன். அவர் என்னைப் பார்க்காமல் அக்காவிடம் பேசினார்.

"போடலாம்மா. போட்டா நான் இருக்க மாட்டேன். கையெழுத்து போட்டிருக்கோம். நீ வேற வக்கீல் புடிச்சி, தேதி வாங்கி, அவன் ரெண்டு வாய்தா கேட்டு... அதுவரைக்கும் கொழந்த எங்க இருக்கும்?"

"அங்கதான்" என்றாள் அக்கா.

"ஒரு வருஷம் அங்க படிச்சுதுன்னு வை. பழகிடுச்சி, கலைக்காதீங்கன்னு சொல்லுவாங்க. அதுக்குத்தான் அந்த அண்ணங்காரன் காத்துக்கினு இருக்கான்."

"அப்ப இன்னா பண்றது?"

"ஒன் புருஷனுக்கும் வக்கீல் போயிடுவார்ல? அவரோட புது ஊட்ல அந்தப் பொண்ணுக்கு ஏழாம் மாசம். கொழந்த பொறக்கறதுக்குள்ள பேப்பர் வேணும்னு அவசரம் யாருக்கு, ஒனக்கா அவருக்கா?"

படித்தவள் நான் கத்திக்கொண்டிருந்தேன், முடிவெடுத்தது அக்கா. "இன்னொரு தபா உக்காரலாம். நைனாவும் வரட்டும்" என்றாள்.

மூன்றாம் நாள் உட்கார்ந்தோம். ஆறாவதாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். நைனா அதன் நுனியில் உட்கார்ந்தார். மாமா குழந்தையைக் கூட்டி வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே பெஞ்சில் அவர் அண்ணன் இருந்தார். தலையைத் தூக்கி எங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமாவின் வக்கீல் இந்தத் தடவை வேடிக்கை பேசவில்லை. "இன்னிக்கு முடியலன்னா நான் கட்டை மூடிடுவேன் தம்பி. உன் பீஸும் வேணாம், உன் பேஜாரும் வேணாம்" என்றார்.

மாமா மெல்ல, "ஊர்ல பத்து பேர் முன்னாடி இவரே குடுத்துட்டாரு சார்" என்றார்.

நைனா எந்த ஆபீசிலும் வாய் திறந்தவர் இல்லை. ரேஷன் கடையில்கூட நான்தான் பேசுவேன். அவர் எழுந்து நின்றார். உட்காருங்கள் என்றாலும் கேட்கவில்லை.

"மாப்ள, ஒங்க அக்காவ துரும்பு கிள்ளித் தீத்து வுட்டப்ப ஒங்க அப்பாரும் இதத்தான் சொன்னாரு. நான் அங்க இருந்தேன். அந்த ஊட்டுக்காரங்க இன்னா பதில் சொன்னாங்கோ?"

மேலே மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா மேசைக்கடியில் என் தொடையை அழுத்திப் பிடித்தாள். அவள் பிடித்த இடம் நாலு நாள் கன்றியிருந்தது.

"சொல்லுங்க மாப்ள."

"ஒங்ககிட்டயே இருக்கட்டும்னாங்கோ."

"அதத்தான் நீங்க சொல்லல. நான் காத்துக்கினே இருந்தேன்."

மாமா திரும்பி ஜன்னலைப் பார்த்தார். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து பெஞ்சு தெரியாது. ஆனாலும் பார்த்தார். கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நைனாவைப் பார்க்காமல் சொன்னார்: "ஒங்ககிட்டயே இருக்கட்டும் மாமா."

வக்கீலம்மா உடனே பேனாவைத் திறந்தார். அதை அப்படியே எழுதி, மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை மட்டும் அப்பா வந்து பார்க்கலாம், பள்ளியிலிருந்து அம்மாவையும் சித்தியையும் தவிர வேறு யாரும் அழைத்துப் போகக் கூடாது என்று சேர்த்தார். நான் ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்தேன். அக்கா தன் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதினாள்.

பேப்பர் கையெழுத்தானபோது மணி பன்னிரண்டு. குழந்தை சாயங்காலம் ஐந்தரைக்கு வந்தது. மாமாவின் அண்ணன்தான் பைக்கில் கொண்டுவந்தார். இறக்கிவிட்டார். குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, "வர்ட்டா பாப்பா?" என்றார்.

"எப்ப வருவ பெரிப்பா?"

அவர் பைக்கைத் திருப்பினார்.

குழந்தைக்குத் தலை நிறையப் பூ, புதுச் சட்டை, புதுச் செருப்பு. பையில் வேறு ஒரு பள்ளிக்கூடத்தின் டை சுருட்டி வைத்திருந்தது. நாலே நாளில் அங்கே சேர்த்தே விட்டிருக்கிறார்கள். அக்கா டையை அடுப்பில் போட்டாள். செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். அக்கா சொன்ன அளவு இல்லை. இரண்டு நம்பர் பெரிது. அடுத்த வருஷத்துக்கும் அதற்கடுத்த வருஷத்துக்கும் பார்த்து வாங்கியிருந்தார்.

கோர்ட்டில் இரண்டு கையெழுத்தும் ஆகிவிட்டன. மாமா சில மாதம் இரண்டாவது சனிக்கிழமைகளில் வந்தார், பிறகு வரவில்லை. அந்தச் செருப்பை அக்கா தூக்கி எறியவும் இல்லை, குழந்தையைப் போட விடவும் இல்லை. இரண்டு வருஷமாகப் பரண் மேல் கிடந்தது. போன வாரம் நான் வீட்டில் இருந்தபோது குழந்தை அதைக் கண்டுபிடித்து, தூசி தட்டி, மாட்டிக்கொண்டு என் முன்னால் நடந்து காட்டியது.

"சித்தி, கரெக்டா கீது பாரு."

சரியாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை நான் லீவு போட்டேன். மதிய மணி அடிப்பதற்கு அரை மணி முன்பே போய்ப் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். எதிர்ப்பக்கம், சோடாக் கடை ஓரமாக, அன்று குழந்தையை இறக்கிவிட்ட அதே பைக் நின்றுகொண்டிருந்தது.