எதிர்க்கடைக்காரியின் கதவு எண்

கூடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பதினோரு வருடமாக அந்தத் தெருவில் ஜெராக்ஸ் என்றால் நான்தான். போன வருடம் சித்திரையில் எனக்கு நேர் எதிரே ஒருத்தி கடை திறந்தாள். கண்ணாடிக் கதவு, ஏசி, கலர் பிரிண்டர், உட்கார மெத்தை வைத்த நாற்காலி. திறப்பு விழாவுக்கு முந்தின நாள் பத்திரிகையோடு வந்து, "அக்கா, நீங்கதான் குத்துவிளக்கு ஏத்தணும்" என்றாள். போய் ஏற்றினேன். ஏற்றும்போதே அது சீக்கிரம் அணைய வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டதையும் மறைக்கப்போவதில்லை.

காலேஜ் பிள்ளைகள் எல்லாம் ஒரே வாரத்தில் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். என் கடையில் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஆத்தாவை அவள் இழுத்துக்கொண்டதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆத்தா என் கடைப் படியில் குடியிருந்தவள். குடியிருந்தாள் என்று சொல்வதே தப்பு. ராத்திரி நான் ஷட்டரை இழுத்துப் பூட்டிய பிறகு அந்த இரண்டு படிகளில் சாக்கை விரித்துப் படுப்பாள், அவ்வளவுதான். பிறந்தது சுருளிப்பட்டிப் பக்கம். கல்யாணமான வருடமே புருஷனோடு மலையேறிப் போய், கேரளத்து ஏலத் தோட்டத்தில் நாற்பது வருடத்துக்கு மேல் காய் எடுத்தவள். தோட்டம் கொடுத்த லயத்தில்தான் வீடு. புருஷன் போனான், அப்புறம் அவளுடைய முட்டி போனது. வேலைக்கு ஆகாதவர்களுக்கு லயத்தில் இடமில்லை. தோட்டம் கைமாறியதும் அந்த வரிசை வீடுகளை இடித்துவிட்டு டூரிஸ்ட்டுகளுக்கு விடுதி கட்டினார்கள். சுருளிப்பட்டியில் அண்ணன் மக்கள் வீட்டில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். "எடம் பத்தலன்னாக, வந்துட்டேன்" என்றாள். யார் மேலும் கோபமில்லாமல் அதைச் சொன்னாள். எனக்குத்தான் கோபம் வந்தது.

அவள் பஸ் ஸ்டாண்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஜீப். விடிகாலையில் தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் அங்கிருந்துதான் மலையேறும். தெரிந்த முகம் நாலாவது தெரியும்.

முதல் நாள் காலை நான் கடைக்கு வந்தபோது படி கூட்டிச் சுத்தமாக இருந்தது. கிளம்பச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டு, "சாயா குடிச்சியா மோளே?" என்று கேட்டாள். எனக்கு நாற்பத்தேழு வயது. அம்மா போனதிலிருந்து என்னை யாரும் மகளே என்று கூப்பிட்டதில்லை. வீட்டில் நான் "ஏய்", கடையில் நான் "யக்கா". அந்த ஒரு மலையாளச் சொல்லில் விழுந்துவிட்டேன். மறுநாளிலிருந்து தினமும் தூக்குவாளியில் சோறு கொண்டுபோனேன். ஜீப்பில் ஏறும் பெண்களிடம் "எம் மக கொண்டாந்தா" என்று அவள் வாளியைத் தூக்கிக் காட்டுவாள். அதைக் கேட்பதற்காகவே குழம்பில் ஒரு கரண்டி எண்ணெய் கூடவே ஊற்றினேன்.

சோறு மட்டுமல்ல, அலையவும் அலைந்தேன். முதியோர் பென்ஷன் வாங்கிக்கொடுத்தால் ஒரு அறையாவது வாடகைக்குப் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். அவளிடம் இருந்த கார்டு மலையாளத்தில் இருந்தது, முகவரி இடித்துப்போட்ட லயம். இங்கே உள்ள ஆபீஸில், "அங்கன உள்ள ஆளு, அங்கனயே கேளுங்க" என்றார்கள். அங்கே போன் போட்டால், தமிழ்நாட்டில் இருப்பவளுக்கு இங்கிருந்து எப்படிக் கொடுப்பது என்றார்கள். எங்கள் பங்குச் சாமியார் மதுரைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் கேட்டுச் சொன்னார். ஆத்தா மாட்டேன் என்றுவிட்டாள். "செத்தா ஜீப்புக்காரகளாச்சும் தூக்கிப் போடுவாக. அங்கன எனக்கு யாரு இருக்கா?" என்றாள்.

கடைசியில் ஆபீஸில் ஒரு பெண் நல்லவிதமாகவே விளக்கினாள். கம்ப்யூட்டர் கேட்பது ஒரு கதவு எண்ணைத்தான். இந்த ஊரில் யாராவது ஒருத்தர், என் வீட்டு முகவரியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சம்மதித்து எழுதிக் கொடுத்தால் கார்டை மாற்றலாம், பிறகு பென்ஷனுக்கு மனுப் போடலாம். யாராவது ஒருத்தர்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். உழைப்பை உறிஞ்சிய தோட்டக்காரன் பார்க்க வேண்டாமா, அண்ணன் மக்கள் பார்க்க வேண்டாமா, கவர்மெண்ட் எதற்கு இருக்கிறது என்றெல்லாம் பேசினேன். வீட்டுக்காரர் டிவியைப் பார்த்தபடி தலையாட்டினார். கேட்டில் பெயிண்டால் எழுதிய எங்கள் கதவு எண் நாற்பத்தொன்றைப் பற்றி மட்டும் நான் பேச்செடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஆத்தாவே கேட்டாள். "ஒன் வீட்டு நம்பரு இருந்தாப் போதுமாம்ல மோளே?"

"பாப்போம் ஆத்தா. அவரக் கேக்கணும்" என்றேன்.

அவரைக் கேட்கவே இல்லை. காரணம் ஒன்று இருந்தது. அந்த வாரம் ஒரு மத்தியானம், கடையில் நான் மறந்துவிட்டுப்போன தூக்குவாளியைத் திருப்பிக் கொடுக்க ஆத்தா என் வீட்டுக்கே வந்திருந்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் கேட்டுக்கு வெளியே வெகுநேரம் நின்றாள். கேட்டைத் தொட்டுப் பார்த்தாள். தபால்காரரை நிறுத்தி என்னமோ கேட்டாள். மாடியிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டை நோட்டம் விடுகிறாளா? நாளைக்குக் கார்டைக் காட்டி, இது என் வீடுதானே என்று மூட்டையோடு உள்ளே வந்துவிட்டால்? சோறு போடுவது வேறு, கதவு எண் கொடுப்பது வேறு என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

எதிர்க்கடைக்காரி உள்ளே நுழைந்தது அப்போதுதான். முதலில் பன்னும் டீயும். பிறகு ஒரு கம்பளி. கம்பளி போர்த்திவிடுவதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வேறு போட்டாள். பார்த்துவிட்டுப் போனைக் குப்புறக் கவிழ்த்தேன். விளம்பரத்துக்கு ஆத்தாதான் கிடைத்தாளா என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பொருமினேன். நானும் ஒன்றரை வருடமாகச் சோறு போடுகிறேன், ஒரு போட்டோ உண்டா? போட்டோ எடுக்காத பெருமையை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும்போது ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து ஆத்தாவின் குரல் கேட்டது. "மோளே!" நிமிர்ந்து பார்த்தேன். என்னையில்லை. அவளைக் கூப்பிடுகிறாள். என் வயிறு எரிந்தது. வேறு நாகரிகமான வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஒரே பக்கத்தை ஒன்பது காப்பி எடுத்துவிட்டேன்.

மறுநாள் சோற்றில் அவித்த முட்டை வைத்தேன். வாளி பாதிச் சோற்றோடு திரும்பி வந்தது. "அந்தப் புள்ள தோசை குடுத்துச்சு மோளே, வயிறு கொள்ளல" என்றாள்.

"ஓ, திங்கிறதுக்கு ரெண்டு வீடாயிருச்சோ?" என்றேன். பக்கத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சொன்னேன். அவள் வாளியைக் கழுவி வைத்தாள்.

அடுத்த நாள் நான் சோறு கொண்டுபோகவில்லை. பசித்துக் கிடக்கட்டும், அப்போது தெரியும் என்று நினைத்தேன். எழுதக் கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன். அவள் பசித்துக் கிடக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். எதிர்க்கடையிலிருந்து எலுமிச்சைச் சோறு வந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் ஆத்தா சாக்கைச் சுருட்டிக்கொண்டு அந்தப் பக்கமே போய்விட்டாள். அவர்கள் கடை முன்னால் ஷீட் இறக்கியிருந்தார்கள். சாரல் அடிக்காது. என் படி காலியாகக் கிடந்தது. மூன்று மாதம் நான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் மட்டும் தினமும் காலையில் ரோட்டைத் தாண்டி வந்து என் படியைக் கூட்டிவிட்டுப் போனாள்.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் ஒரு தபால் உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். பிரிக்காத உறை.

"புதுக் கார்டு வந்திருக்கு. பிரிச்சுப் பாப்போம்னு அந்தப் புள்ள சொல்லுச்சு. இரு, மொதல்ல மூத்த மகட்ட குடுத்து வாசிச்சிட்டு வாரேன்னேன்" என்றாள்.

மூத்த மகள். காது குளிர்ந்தது. மூன்று மாதத்து எரிச்சல் பாதி அணைந்தது. உறையைப் பிரித்தேன். கார்டில் இந்த முறை தமிழ் இருந்தது. பெயர், பிறந்த வருடம். கீழே முகவரி: கதவு எண் பன்னிரண்டு, எதிர்க்கடைக்காரியின் வீடு.

இதை அவள் ஸ்டேட்டஸில் போடவில்லை. போட்டிருந்தால் திட்டுவதற்காவது வசதியாக இருந்திருக்கும்.

"எங்கனன்னு போட்டிருக்கு? வாசி மோளே."

அந்த எண்ணை என் வாயால் சொல்ல முடியவில்லை. இவளுக்குத்தான் எழுத்துத் தெரியாதே, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

"கதவு எண் நாற்பத்தொன்று" என்று வாசித்தேன்.

ஆத்தா சிரித்தாள். "கண்ணாடியப் போட்டு வாசி. அந்தப் புள்ள வீடு பன்னெண்டுல்ல? நாப்பத்தொண்ணு ஒன் வீடு. நீ குடுப்பேன்னு அன்னைக்கு ஒங்க கேட்டுல நின்னு தபால்காரர்ட்ட கேட்டு மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன். ஆபீஸ்ல கேட்டா தப்பில்லாமச் சொல்லணும்ல?"

மேசையில் இருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

"பன்னிரண்டு" என்றேன்.

"ஆங், அதான். இப்ப மொதல்லருந்து முழுசா வாசி."

முழுவதும் வாசித்தேன்.