கதவுக்குப் பின்னால் பாதிப் பூக்கள்

நூல் மேஸ்திரி என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். டைல்ஸ் ஒட்டும் வேலையில் இருபத்திரண்டு வருஷம். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் நூல் கட்டுவார், பிறகுதான் மற்ற பேச்சு. அவர் ஒட்டிய கூடத்தில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும்.

அவர் மனைவியின் தம்பி பெயிண்டர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுச் சும்மா திரிந்தவனைக் கூட்டிக்கொண்டு போய் வேலையில் சேர்த்துவிட்டவர் இவர்தான். அன்றிலிருந்து வீட்டுக்காரர்கள் அவனை "மேஸ்திரியோட மச்சினன்" என்றே சொன்னார்கள். அதைக் கேட்பதில் மேஸ்திரிக்கு ஒரு சுகம் இருந்தது. அப்படி ஒன்று இருந்தது என்பதே அது போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

போனது ஒரு கெஸ்ட் பாத்ரூமால்.

மாடிப்படிக்கு அடியில் நாலடிக்கு ஐந்தடி இடம். வீட்டுக்கார டீச்சரம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "வீடு பூரா வெள்ளையா இருக்கட்டும். இது ஒண்ணை மட்டும் வர்றவங்க மறக்கவே கூடாது." தரைக்குக் கறுப்பு வெள்ளையில் பெரிய பூப்போட்ட டைல்ஸ். சுவருக்கும் மேல்தளத்துக்கும் அடர் நீலம்.

"குகை மாதிரி ஆயிடும்மா," என்றார் மேஸ்திரி.

"ஆகட்டுமே. குகையிலயும் ஆள் இருந்தாங்கல்ல?"

மேஸ்திரி வழக்கம்போல ஒட்டினார். வாசலில் நிற்பவர் கண்ணுக்கு முழு டைல்ஸ் தெரிய வேண்டும். வெட்டுத் துண்டுகள் வரும் வரிசை, திறந்த கதவு மறைக்கும் ஓரத்துக்குப் போக வேண்டும். தொழிலில் இறங்கிய முதல் வாரம் கற்றுக்கொண்டது அது.

அடுத்து மச்சினன் வந்தான். பிரஷ்ஷை எடுக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, மூடிய கமோடின் மேல் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தான்.

"என்ன மாப்ளே, வயிறு சரியில்லையா?"

"பாத்துக்கிட்டிருக்கேன் மாமா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நாலு நாளில் அந்தப் பொந்து நடுக்கடல்போல நீலமாகிவிட்டது. கதவோரச் சுவரின் அடியில் தங்க நிறத்தில் ஒரு பூனை. காலையும் வாலையும் தரை டைல்ஸ் மேலேயே நீட்டிக்கொண்டு, உட்காருகிறவரையே முறைத்தது.

வீட்டைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதற்குள் போய்விட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். "பூனையை வரைஞ்சது யாரு?" தரையை ஒட்டியது யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் மனைவியும் அதையே எடுத்தாள்.

"தம்பி கையில என்னமோ இருக்குதுங்க."

"குழம்புல உப்பு இல்ல," என்றார்.

"ரெண்டு தடவை ஊத்திச் சாப்பிட்டப்புறம்தான் தெரிஞ்சுதாக்கும்."

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். டீச்சரம்மாவின் அக்காவும் வீடு கட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவர் வந்து பார்த்துவிட்டு, மேஸ்திரியை வைத்துக்கொண்டே மச்சினனிடம் சொன்னார். "எங்க வீட்டையும் நீயே எடுத்துக்கப்பா. டைல்ஸுக்கு உனக்குத் தோதான ஆளைக் கூட்டிட்டு வந்துடு."

"ஆள் எதுக்கும்மா, மாமா இருக்காரே," என்றான் அவன்.

நல்ல மனசோடுதான் சொன்னான். மேஸ்திரி காதில்தான் வேறு விதமாக விழுந்தது. இனி எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் பெயிண்டரோட மாமாவா?

"வாஷ்பேசின் பக்கம் ஒரு தடவை பாத்துடறேன்," என்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். பார்க்க நினைத்தது அவன் வேலையில் ஒரு ஓட்டை. பிரஷ் தடம் தேடினார், இல்லை. மூலையில் நிறம் வழிந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார், அதுவும் இல்லை. இடுப்பு வலித்தது. கமோடை மூடி அதன் மேல் உட்கார்ந்து நிமிர்ந்தார்.

நேர் எதிரே, கதவு மறைக்கும் என்று அவர் நம்பிய ஓரத்தில், பூக்கள் பாதிப் பாதியாக நின்றன. கடித்து வைத்ததுபோல ஒரு வரிசை முழுக்க. இங்கே உட்காருகிறவர் கதவைச் சாத்திக்கொண்டுதானே உட்காருவார்? பூ இல்லாத வெள்ளை டைல்ஸையே ஒட்டிய காலமெல்லாம் இது தெரியாமலே போயிருக்கிறது. இருபத்திரண்டு வருஷத்தில், தான் ஒட்டிய எந்த பாத்ரூமிலும் அவர் இப்படிக் கதவைச் சாத்தி உட்கார்ந்து பார்த்ததில்லை.

ஆகக் கோரமான துண்டின் மேல் சரியாக வந்து விழுந்திருந்தது பூனையின் வால்.

அவன் அன்றே பார்த்திருக்கிறான். யாரிடமும் மூச்சு விடவில்லை. அவன் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டியதுதான் முறை. ஆனால் அந்தக் கையை நினைத்தாலே அவருக்கு எரிந்தது.

வெளியே வந்தார். அக்கா தங்கை இருவரும் நின்றிருந்தார்கள்.

"அம்மா, கதவோர வரிசையை எடுத்துடணும். தப்பா வெச்சுட்டேன். பூவெல்லாம் பாதியில நிக்குது. வெறும் கறுப்புல பட்டை போட்டுத் தர்றேன்."

"எங்க கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே?"

"மோசமான துண்டைப் பூனை மறைக்குது. மத்ததைப் பாக்க விடாம அதுவே கண்ணை இழுத்துக்குது."

"அப்ப பூனை?"

"காலும் வாலும் போயிடும்மா." அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தெம்பாக வந்ததோ என்று அவருக்கே சந்தேகம்.

மச்சினன் அவரை ஓரமாக இழுத்தான். "நான்தான் மறைச்சுட்டேனே மாமா. அப்புறம் ஏன்?"

"நீ மறைச்சதுதான்டா வயித்தெரிச்சல்."

நேர்மையால் சொன்னாரா, பூனை மேலிருந்த கோபத்தால் சொன்னாரா? கேட்டிருந்தால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது. ஆனால் டீச்சரம்மாவின் அக்கா இப்போது அவர் பக்கம் திரும்பியிருந்தார்.

"எங்க வீட்ல அந்த ஓரத்துக்கு என்ன செய்வீங்க மேஸ்திரி?"

"முதல்ல கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்து பாக்கணும்மா."

மச்சினனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்ப ரெண்டு பேரும் சேந்தே பாத்துடலாம் மாமா."

"உள்ள ஒரு ஆளுக்குத்தான்டா இடம்," என்றார் மேஸ்திரி, பையில் உளியைத் தேடிக்கொண்டே. "நான் பாத்துட்டு வர்ற வரைக்கும் நீ வெளிய நில்லு."